மேப்பிள் நீருக்குச் சுண்ணாம்பு

அவளுடைய அழகைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. படத்தில் பார்த்தேன். என் வயதுதான், கன்னம் என்னைப் போலவே தொங்கிவிட்டது, தலைக்கு மை பூசுவதில் என்னைவிடக் கவனம் குறைவு. பொறாமை வந்தது என் கணவரின் சிரிப்பைக் கேட்டு. ஒரு சனிக்கிழமை காலை, ஓக்லண்டின் லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் இருந்து அந்தச் சிரிப்பு வந்தது. உடுப்புக் காயப்போட வந்தவள் கூடையோடு அப்படியே நின்றேன். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டுக் கன காலம்.

உள்ளே அவர் தனியாகத்தான் இருந்தார். கையில் ஃபோன். ஃபோனுக்குள் கனடா.

அவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த காலத்து டியூஷன் வகுப்பில் அவளும் படித்தவளாம். யாரோ வேலையற்ற ஒருவர் பழைய வகுப்புக்காரர் எல்லாரையும் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியிருந்தார். அதில் அவள் ஒரு வீடியோ போட்டாள். அவள் வீட்டுப் பின்வளவு, முழங்கால் அளவு பனி, மேப்பிள் மரத்தில் தொங்கும் வாளி, பக்கத்தில் காஸ் அடுப்பு, அடுப்பின் மேல் அகன்ற தட்டில் மரத்து நீர் இனிப்புப் பாணியாக வற்றக் கொதித்து ஆவி பறக்கிறது. "வீட்டுக்குள்ள காய்ச்சினா ஆவியில சுவர்த்தாள் எல்லாம் கழண்டு வந்திடும், அதுதான் வெளியில புரொபேன்ல காய்ச்சிறன்" என்று அவள் குரல் விளக்கம் சொன்னது. என் கணவர் அந்த வீடியோவை எனக்கு மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் காட்டினார். நான் பார்த்தேன். குரல் நல்ல குரல். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ஒரு குறை பிடிக்கிற ஆள். வாயில் வைத்ததுமே சொல்லுவார். "உப்புக் கொஞ்சம் தூக்கல்." "இண்டைக்குப் பழப்புளி எங்க வாங்கினனீர், வேற மணமாக் கிடக்கு." "சீரகத்தை வறுக்காமப் போட்டிட்டீர்." மற்ற வீடுகளில் புருசனும் பெண்சாதியும் எதைப் பற்றிக் கதைப்பார்களோ தெரியாது. எங்களுக்கு உப்பும் புளியும்தான் கதை. நான் எதிர்த்துக் கதைப்பேன், அவர் இன்னொரு வாய் எடுத்து ருசி பார்த்துவிட்டு நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொல்லுவார். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து ஒன்று மெல்பேர்னுக்கும் ஒன்று வெலிங்டனுக்கும் போன பிறகும் எங்கள் மேசையில் சத்தம் குறையவில்லை.

பிறகு கொரோனா வந்தது. எனக்கு இருமலோடு போய்விட்டது. அவருக்கு மணமும் ருசியும் போய்விட்டன. வரும் வரும் என்று டாக்டர் சொன்னார், வரவில்லை. முதலில் ஒவ்வொரு நாளும் கோப்பிப் போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லிக் கோப்பையைக் கழுவி வைப்பார். ஒருநாள் வேண்டுமென்றே மீன் குழம்புக்கு உப்புப் போடாமல் வைத்தேன். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார். அன்றைக்கு நான் குசினியில் நின்று அழுதேன். அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டோம். அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இப்படி இருந்த மனிசன்தான் கராஜுக்குள் நின்று கெக்கட்டமிட்டுச் சிரித்தார். என்னை முப்பது வருசமாக "நீர்" என்று கூப்பிடுகிறவர், அவளை "நீ" என்றார். "நீ சும்மா இரு, உனக்கு அப்பவும் அவசரம்தான்" என்றார். மரியாதை தருகிற கணவர் என்று என் சகோதரிகளிடம் நான் பீற்றிக்கொண்ட "நீர்", அந்தக் காலையில் என்னை வாசலில் நிறுத்தி வைத்துக் கதைப்பது போல இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், கராஜை ஒட்டி, ஒரு மேப்பிள் மரம் நின்றது. இந்த வீட்டை வாங்கும்போதே நின்ற மரம். அதுவரை எங்கள் இருவருக்கும் அதில் அக்கறை இல்லை. இலை கொட்டிக் கூரைப் பீலியை அடைக்கும்போது ஏணி வைத்து ஏறி அள்ளிக் கொட்டுவது நான். இப்போது அவர் மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தார். அதற்கு மாலை போடாததுதான் குறை. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினார். அவள் ஓம், அது மேப்பிள்தான், சீனி குறைந்த சாதி, ஆனாலும் துளைத்துப் பார் என்று பதில் அனுப்பினாள்.

அவளுக்குப் பனி உருகும் காலம் எங்களுக்கு இலை உதிரும் காலம். ஆகவே ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று இருவரும் தீர்மானித்தார்கள். தீர்மானித்ததோடு விட்டார்களா? அந்த மாதங்கள் முழுக்க அதைப் பற்றியே கதைத்தார்கள். எங்கள் காலை அவளுடைய முதல்நாள் பின்னேரம். நான் நியூ லின் மாலில் மருந்துக்கடைக் கவுண்டருக்கு வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்தான் அவருக்கு அழைப்பு வரும். நான் சப்பாத்து மாட்டும் நேரத்தை நீட்டிக்கொண்டு கேட்பேன். கெட்ட கதை ஒன்றும் இல்லை. துளை எவ்வளவு ஆழம், குழாய் எந்தச் சாய்வு, நீர் எந்த நிறம். கெட்ட கதையாக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். மரத்துக்குத் துளை போடுவதைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கதைக்கும் ஆளோடு என்னவென்று சண்டை பிடிப்பது? பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

எனக்கு வயிறு எரிந்த விசயம் வேறு. அவருக்கு மணமும் ருசியும் இல்லை என்பதை அவளுக்கு அவர் சொல்லவே இல்லை. ஒருநாள் அவள், "உங்கட ஊர் வெண்ணெய் நல்ல ருசியாமே, நல்ல மணமாமே" என்று கேட்டாள். "அதையேன் கேக்கிறாய், பாணுக்குப் பூசினாக் கடை வரைக்கும் மணக்கும்" என்றார் இவர், வெட்கமே இல்லாமல். அவளிடம் அவர் நோயில்லாத ஆள். குறை எல்லாம் எனக்கு, சிரிப்பெல்லாம் அவளுக்கு.

ஜூலையில் துளைத்தார். ஓக்லண்ட் குளிரைக் குளிர் என்று கனடாக்காரருக்குச் சொல்ல முடியாது. இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் மரம் நன்றாக நீர் விடுமாம். இங்கே அது உறைவதுமில்லை, உருகுவதுமில்லை, ஈரமாக நிற்கும். ஆனாலும் வானம் வெளித்த சில காலைகளில் குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவு. அவர் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். காட்டிவிட்டு உடனே படம் எடுத்து அனுப்பினார்.

காய்ச்சுவதற்குப் போதுமான அளவு சேரும்வரை நீரைக் குளிரில் வைக்க வேண்டும். அவள் பனிக்குள் புதைத்து வைப்பாளாம். இவர் என்னுடைய பிரிட்ஜுக்குள் புதைத்தார். தோசைமாவுக்கு இடமில்லை, மீனுக்கு இடமில்லை, கதவைத் திறந்தால் பழ யூஸ் போத்தல் வரிசையில் மரத்து நீர். அதிலும் ஒரு வாளி வெயில்பட்டுக் கலங்கிப் புளித்துப்போனதை அவர் அறியாமல் நல்ல நீரோடு சேர்த்து ஊற்றிவிட்டார். எனக்கு வாசலிலேயே மணந்தது. முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் காலை கையில் ஒரு குவளையோடு குசினிக்கு வந்தார். "ஒருக்கா மணந்து பாரும்" என்றார்.

மணந்து பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு."

"வடிவாப் பாரும். புளிக்கேல்லையே?"

"இல்லை. பச்சை மரம் மாதிரி ஒரு மணம். நல்ல மணம்."

குவளையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்தது. கனடாக்காரிக்கு எவ்வளவு அறிவிருந்தாலும் என்ன, இந்த வீட்டின் மூக்கு நான்தான். வேண்டுமென்றே மெதுவாக மணந்தேன். கண்ணை மூடி யோசித்தேன். அவர் காத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாளைக்கு அவள்மேல் கோபம்கூடக் குறைந்திருந்தது.

அதையும் அவள்தான் கெடுத்தாள். வாளி புளித்த கதையை இவர் சொன்னபோது, "புளிச்சுக் கள்ளாகாம இருக்க, பனைக்குக் கட்டுற முட்டியில சுண்ணாம்பு பூசித்தானே கருப்பணி எடுக்கிறது, உன்ர வாளிக்கும் பூசன்" என்று பகிடிக்குச் சொன்னாள். பகிடிதான், பின்னால் அவளே சிரித்ததை நான் கேட்டேன். கனடாக்காரர் எவரும் மேப்பிளுக்குச் சுண்ணாம்பு பூசுவதில்லை. ஆனால் இவருக்கு அது ஒரு பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டுவிட்டது. நாட்டில் உள்ள வெள்ளைக்காரர் எல்லாருக்கும் தெரியாத ஒன்று யாழ்ப்பாணத்தார் இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது என்ற மிதப்பு. சாண்ட்ரிங்ஹாம் ரோட்டில் வெற்றிலை விற்கும் கடைக்குப் போய்ச் சின்ன டப்பாச் சுண்ணாம்பை வாங்கி வந்தார். வாளியின் உள்பக்கம் முழுக்கப் பூசினார். கை தாராளம்.

"உதெல்லாம் பனைக்குச் சரி. இதுக்குச் சரிவருமே?" என்று கேட்டேன்.

"புளிக்காது, அதுதான் விசயம். இனி நீரும் ஒவ்வொரு நாளும் மணக்கத் தேவையில்லை" என்றார், எனக்குப் பெரிய உதவி செய்கிறவர் மாதிரி.

மறுநாள் காலை குவளை வரவில்லை. நான் தேநீரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.

காய்ச்சும் நாளைச் சனிக்கிழமைக்கு வைத்தார். கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே, விழாக்களுக்குக் கிடாரம் ஏற்றும் பெரிய காஸ் அடுப்பை இழுத்து வைத்து, என் அகன்ற தாச்சியை அதில் ஏற்றினார். அவள் புரொபேன் என்பதற்கு நாங்கள் இங்கே காஸ் போத்தல் என்போம். பார்பிக்கியூவுக்கு வாங்கி வைத்த போத்தல். காற்று நெருப்பை ஒரு பக்கமாகத் தள்ளியது. பழைய பேக்கிங் தட்டுகளை நிறுத்தி மறைப்புக் கட்டினார். பலத்த தீயில் நெடுநேரம் எரிந்ததில் போத்தலின் வெளிப்பக்கம் குளிர்ந்து வெள்ளையாகப் பனி பூத்தது. ஊரில் இல்லாத பனி போத்தலில் பூத்திருக்கிறது என்று அதையும் படம் எடுத்து அனுப்பினார். அங்கே அவளுக்குக் கோடை. கையில்லாச் சட்டையோடு தோட்டத்துக் கதிரையில் சாய்ந்திருந்து வீடியோவில் கட்டளை போட்டாள். பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போடு. தீயைக் குறைக்காதே. தண்ணீர் கொதிக்கிற சூட்டைவிட இன்னும் கொஞ்சம் ஏறினால்தான் பாணி. இவர் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி" என்றார்.

இடையில் காஸ் முடிந்தது. அடுப்பைவிட்டு அவர் அசையக் கூடாதாம். நான்தான் வெறும் போத்தலைக் காரில் ஏற்றிப் பெட்ரோல் நிலையத்துக்குப் போய் நிறைந்ததை மாற்றிக்கொண்டு வந்தேன். மழை வேறு. போத்தலைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தபோது வீடியோவில் அவள், "ஆ, உன்ர வைஃபே? ஹாய்!" என்றாள். ஈரத் தலையோடு நான் கையை ஆட்டினேன். பெண்சாதி என்று நினைத்தாளோ, காஸ் கொண்டுவந்து தருகிற ஆள் என்று நினைத்தாளோ.

காய்ச்சத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மணம் பிடிபட்டுவிட்டது. இனிப்பு மணமில்லை. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைச் சட்டியில் கருக்கின மாதிரி.

"ஒரு மாதிரி மணக்குது" என்றேன்.

"அது முதல்ல அப்பிடித்தான் இருக்குமாம்" என்றார்.

அந்த "மாம்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பின்னேரம் தாச்சியின் அடியில் ஒரு கிண்ணம் அளவுக்கு வற்றியது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கடும் மண்ணிறம், பளபளப்பு, கரண்டியால் தூக்கினால் நூலாக இறங்கியது. அங்கே நடுச்சாமமாகியும் அவள் படுக்கவில்லை. ஃபோனைக் கிட்டப் பிடித்துக் காட்டினார். "ஐயோ, என்ன கலர்! என்ரயே இவ்வளவு கறுக்காது" என்று அவள் கத்தினாள். "ருசி எப்பிடி, ருசி எப்பிடி?"

"சுடுது. ஆறட்டும், சொல்லுறன்" என்று இவர் அழைப்பை வெட்டினார்.

வெட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒரு தேக்கரண்டியில் அதை அள்ளி, ஊதி ஊதி ஆற வைத்து, நீட்டினார். "இஞ்சரும். நீர்தான் சொல்லவேணும்."

வாயில் வைத்தேன். வேப்பங்காய்க் கைப்பு. வெற்றிலைத் தட்டை நக்கினது போல ஒரு சுண்ணாம்புக் காரம், பின்னால் சவர்க்காரம், எங்கோ அடியில் கருகின சீனி. துப்ப வேண்டும் என்றுதான் தோன்றியது. கைக்குது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது அவரைப் பார்த்தேன். முன்னுக்குக் குனிந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். பழைய நாட்களில், குழம்பைப் பற்றித் தர்க்கம் வைக்கும்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து இப்படித்தான் குனிவார். அந்த முகத்தை நான் எவ்வளவு நாள் தேடியிருக்கிறேன் என்று அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. கைக்குது என்று சொன்னால் அது மூடிவிடும்.

"நல்லாருக்கு" என்றேன்.

"நல்லாருக்கெண்டா? எப்பிடி நல்லாருக்கு? அப்பிடிச் சொன்னா எனக்கு என்ன விளங்கும்?"

அந்தக் கேள்விக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன். கொடுத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முதல்ல ஒண்டும் தெரியாது. வெறும் வழுவழுப்பு. பிறகு நாக்கின்ர கரையில ஒரு இனிப்பு வருது, சீனி மாதிரி முகத்தில அடிக்கிற இனிப்பில்லை. பாண் கருக்கலைப் பாலில தோய்ச்சுச் சாப்பிட்டா வருமே, அது. உளுந்து வறுக்கேக்க நிறம் மாறுற நேரத்து மணம் ஒண்டிருக்கு, அதுவும் இருக்கு."

"ம். பிறகு?"

"விழுங்கின பிறகுதான் மரம் தெரியுது. மழை விட்ட கையோட எங்கட கராஜ் கதவைத் திறந்தா ஒரு மணம் வரும். அது தொண்டையில கொஞ்ச நேரம் நிக்குது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கித்துள் பாணி மாதிரியோ?" என்றார், ஊரில் கிடைக்கிற பாணியை நினைத்து. "இல்லை, அதைவிட மெல்லிசு, அது ஆம்பிளை, இது பொம்பிளை" என்றேன். சிரித்தார். கராஜுக்குள் கேட்ட அதே சிரிப்பு. எனக்கு வாயெல்லாம் கைத்தது, ஆனால் அப்படி ஒரு பின்னேரம் வந்து எவ்வளவோ காலம். இருட்டும்வரை அந்த ஈரக் கூரைக்குக் கீழே இருந்து இல்லாத ஒரு ருசியைப் பற்றிக் கதைத்தோம். பொய் என்று எனக்குக் குற்ற உணர்வு எதுவும் வரவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு தேநீரை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஃபோனில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஒண்டும் தெரியாது. வெறும் வழுவழுப்பு. பிறகு நாக்கின்ர கரையில ஒரு இனிப்பு வருது பார். பாண் கருக்கலைப் பாலில தோய்ச்சுச் சாப்பிடுற மாதிரி..."

ஒரு சொல்லையும் விடவில்லை. உளுந்து வந்தது. மழை விட்ட பிறகு கராஜ் கதவு வந்தது. ஆம்பிளை, பொம்பிளைகூட வந்தது. என் மனிசி சொன்னவ என்று ஒரு இடத்திலாவது வரும் என்று நான் தேநீர்க் கோப்பைகளோடு காத்து நின்றேன். வரவில்லை.

அவளுடைய பதில் உடனே வந்தது. சத்தத்தைக் கூட்டிக் கேட்டார். "அடேயப்பா! நீ அப்பவும் இப்பிடித்தான். உன்னைப் போல வடிவாக் கதைக்க எங்கட வகுப்பில ஒருத்தருக்கும் வராது."

அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். பதில் சொல்ல மைக் அடையாளத்தை மறுபடி அழுத்திப் பிடித்தார்.

நான் உள்ளே போனேன். "அது கைக்குது" என்றேன். வீட்டுக்குள் கதைக்கிற குரலில் இல்லை. கனடா வரைக்கும் கேட்க வேண்டும் என்ற குரலில். "சுண்ணாம்பு கூடிப்போச்சு. வாயில வைக்க ஏலாது. சவர்க்காரம்."

அவர் திரும்பினார். விரல் ஃபோனிலிருந்து நழுவியது. பதிவு போய்விட்ட சின்னச் சத்தம் கேட்டது. சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றுபோயிற்று.

"நேற்று நல்லாருக்கெண்டு சொன்னீர்" என்றார். "அவ்வளவும் சொன்னீரே?"

அவர் கையில் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. அவள்தான். அவர் குனிந்து பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தேநீரை மேசையில் வைத்தேன்.

"அது உங்களுக்குச் சொன்னது" என்றேன். "அவவுக்கில்லை."